யாருடைய சிலாப்?

உப்புக்கிடங்கு ரோட்டு நடைபாதை ஆறுமுகநயினாரை விழுங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, நெற்றி நிறைய நீறு பூசி, கையில் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு அவர் பாத்திரக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது. ஒன்பது வருஷமாக ஓரம் உடைந்து, ஒன்பது வருஷமாக ஆடி, கால் வைத்தவரையெல்லாம் ஒரு பக்கம் சாய்த்துப் பயமுறுத்திக்கொண்டிருந்த சிலாப் அன்றைக்கு இரண்டாகப் பிளந்து அவரைத் தொடைவரை உள்ளே வாங்கிக்கொண்டது. அதுவரை அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த ரோட்டில் மாதம் இரண்டு பேராவது விழுவார்கள், யாராவது கைகொடுத்துத் தூக்குவார்கள், விழுந்தவர் மாநகராட்சியை நாலு வார்த்தை நாறத் திட்டிவிட்டு நொண்டிக்கொண்டு போவார். அன்றைக்கு டீக்கடை பிச்சாண்டி ஓடிவந்து கைகொடுப்பதற்குள், ஒன்பது வருஷமாக யார் யாரோ மனு எழுதிப் போட்டும் யாரும் சரிசெய்யாத அந்தச் சிலாப் தானாகவே மூடிக்கொண்டது. ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்தான். சிமெண்ட் தோசை மாவாக இளகி, அவருடைய இரண்டு தொடைகளையும் சுற்றி வந்து, இறுகி, வழவழப்பாகி, ஒரு கீறல்கூட இல்லாமல், அந்த ரோட்டிலேயே உருப்படியான சிலாப் இது ஒன்றுதான் என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

அவர் மனைவி ஆவுடை வீட்டில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள், சேதி கேட்டு விரலிடுக்கில் பிடித்த ஊசியோடு ஓடிவந்தாள். புருஷன் தொடைக்கு மேலே மட்டும் நடைபாதையில் முளைத்து நிற்பதைப் பார்த்ததும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“வலிக்குதாங்க?”

“வலியில்லட்டி. யாரோ ரெண்டு கையால இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். நீ மொதலாளிக்கு ஒரு போன் போட்டு, இன்னைக்கு வர லேட்டாகும்னு சொல்லிரு.”

நயினார் அப்படிப்பட்ட மனுஷன். இருபத்தெட்டு வருஷமாகப் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற வேலை. குடம் வாங்கினாலும் குத்துப்போணி வாங்கினாலும் அதில் வாங்கியவர் பேரை, சீர்வரிசை என்றால் பெண்ணின் பேரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூப்போட்டு, மிஷின் ஊசியால் உருண்டை உருண்டையாக எழுதிக் கொடுப்பார். ஊரில் பாதி அடுப்படிகளில் அவர் கையெழுத்து இருந்தது, ஆனால் அவரை யாருக்கும் தெரியாது.

எதிரே டயர்க்கடைக்காரர்கள் கடப்பாரை கொண்டுவந்து மாற்றி மாற்றிக் குத்தினார்கள். கடப்பாரைதான் வளைந்தது, சிலாப்பில் ஒரு பொட்டு சிமெண்டுகூடப் பெயரவில்லை. பக்கத்துச் சிலாப்பைத் தூக்கி, சாக்கடைக்குள் ஒருவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே காலே இல்லை, மரத்தின் வேர்மாதிரி சிமெண்ட்தான் அடிவரை இறங்கியிருக்கிறது என்றார். தீயணைப்பு வண்டி வந்தது. அறுக்கிற மிஷின் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்று அதன் அதிகாரி சட்டைக் கையை மடித்தார், மடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“இது யாரு சிலாப்பு? உடையவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கியாங்க. லெட்டர் இல்லாமப் பொதுச்சொத்தை அறுத்தா எங்க சீட்டைக் கிழிச்சிருவாங்க.”

ஆவுடை லெட்டர் வாங்கப் போனாள். அப்படித்தான் அது தொடங்கியது. சாலைப் பிரிவுக்காரர்கள், ரோடு எங்களுடையது, ஆனால் அந்தச் சிலாப் சாக்கடையின் மூடி, வடிகால் பிரிவில் கேளுங்கள் என்றார்கள். வடிகால் பிரிவுக்காரர்கள், சாக்கடை எங்களுடையது, ஆனால் மேலே மனிதர்கள் நடப்பதால் அது நடைபாதை, நடைபாதை வார்டு ஆபீஸைச் சேர்ந்தது என்றார்கள். வார்டு ஆபீஸில், அந்தச் சிலாப்பை எப்போதோ கேபிள் தோண்டியவர்கள் போட்டது, அவர்கள் யார் என்று எங்களுக்கே தெரியாது என்று கையை விரித்தார்கள். இப்படி மேஜை மேஜையாக, மாடி மாடியாக அவள் நாய் படாத பாடு பட்டு, மூன்றாம் நாள் வார்டு இஞ்சினியரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் சிலாப்பைச் சுற்றி இரண்டு சுற்று நடந்து, குனிந்து, தட்டிப் பார்த்து, செல்போனில் நாலு படம் எடுத்தார்.

“பள்ளம் எங்கம்மா?”

“சார், பள்ளத்துக்குள்ளதான் அவுக நிக்காவ.”

“அவர் நிக்கிறது தெரியுது. பள்ளத்தைக் காமிங்க. பள்ளம் இருந்தாத்தான பழுதுன்னு நான் எழுத முடியும்?”

நடைபாதை மிக நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். அதில் பொய் ஒரு எழுத்தும் இல்லை என்பதுதான் ஆவுடைக்கு ஆத்திரமாக வந்தது.

வக்கீல் எட்வின்தான் அவளுக்கு விஷயத்தைப் புரியும்படி சொன்னவர். கோர்ட்டு வாசலில் ஒரு வேப்பமரத்தடி பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ், ஆனால் மனுஷனுக்கு மனசு நல்ல மனசு. “ஆவுடையம்மா, அறுக்கலாம்னு எவன் கையெழுத்து போடுதானோ, அவன் அது தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும். தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டா, ஒன்பது வருஷமா ஏம்ப்பா பாக்கலன்னு அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக்கூடாதுங்கிறதுக்குத்தான் இத்தனை ஆபீஸும் நடக்கு” என்றார்.

ஆக, நயினார் நின்றார். வைகாசியில் விழுந்தவர் ஆனி, ஆடி, ஆவணி என்று நின்றார், ஊர் அவரைச் சுற்றித் தன் வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டது. முதல் வாரம் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் போகிற போக்கில் பார்த்தார்கள், மூன்றாம் வாரம் அவரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி நடைபாதையில் ஒரு தடமே விழுந்துவிட்டது. பிச்சாண்டி வெயிலுக்கு ஒரு பெரிய குடையைக் கட்டிக் கொடுத்தார், குடை நிழலுக்கு வந்தவர்கள் டீயும் குடித்ததால் அவருக்கும் நஷ்டமில்லை. மினி பஸ் கண்டக்டர்கள் ‘நயினார் ஸ்டாப்’ என்று குரல் கொடுக்க, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாப் வந்தது. தேர்தல் வந்தபோது மூன்று கட்சிக்காரர்கள் அவர் முதுகில் போஸ்டர் ஒட்டினார்கள், பசை காய்ந்து தோல் இழுத்தது. ஒரு ஆடி வெள்ளியில் யாரோ அவருக்கு மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்துவிட்டுப் போக, “யம்மா, நான் இன்னும் சாகல” என்று அவர் துடைத்துப்போட்டார். பாத்திரக்கடை முதலாளி மிஷினையே அங்கே கொண்டுவந்து, பிச்சாண்டி கடையிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் அண்டாவையும் தாம்பாளத்தையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேரே நடைபாதைக்கு வந்து, மண்ணிலிருந்து முளைத்த மனிதரிடம் பேர் வெட்டிக்கொண்டு, இது என்ன கோலம் என்று ஒருவர்கூடக் கேட்காமல் போனார்கள்.

ஆவுடை விடிகிற நேரத்தில் நாலு பக்கமும் சேலையைக் கட்டி அவருக்குச் செய்யவேண்டியதையெல்லாம் செய்வாள். குளிப்பாட்டுவாள், உடுத்துவாள், ஊட்டுவாள். ஒன்றைமட்டும் அவளால் செய்ய முடியவில்லை. தொடைவரை புதைந்தவருக்கு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் தலையைச் சாய்த்துத்தான் தூக்கம். விழுந்த நாளிலிருந்து அவர் முதுகு தரையைத் தொடவில்லை.

“ஒரே ஒரு நாளு நீட்டி நிமிந்து படுத்தாப் போதும்ட்டி. வேற ஒண்ணும் வேண்டாம். கால் போனாக்கூடப் பரவாயில்ல.”

ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பி, தன்னிடம் இல்லாத கால்கள் குளிர்கின்றன என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபோது அவள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம வீட்டுப் பாயில உங்களப் படுக்கவைக்காம நான் விடமாட்டேன்” என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு அந்த ஒரு நினைப்புதான். நஷ்டஈடு, நியாயம் என்று வக்கீல் பேசியதெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை.

பேர் வெட்டுகிற யோசனை நயினாருடையது. இருபத்தெட்டு வருஷம் அதையே செய்தவருக்கு வேறு என்ன தோன்றும்!

“விசேஷ வீட்டுல பாத்திரம் மாறிப்போனா எப்படிட்டி கண்டுபிடிக்கோம்? கவுத்திப் போட்டுப் பேரைத்தான பாக்கோம்? இந்தச் சிலாப்புல ஒரு பேரு இல்லாமத்தான ஆளாளுக்கு எங்களுது இல்ல, எங்களுது இல்லங்கானுவ. வெட்டிட்டா?”

கடப்பாரைக்கு அசையாத சிமெண்ட், பேர் வெட்டும் ஊசிக்கு ஈயம்போல வழிவிட்டது. தன்னைச் சுற்றி, குனிந்து கை எட்டுகிற இடத்திலெல்லாம், ‘மாநகராட்சி’ என்று வட்டமாக வெட்டினார் நயினார். வழக்கத்தை விடாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூவும் போட்டார். ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து தூசியை ஊதி ஊதிவிட்டாள். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள், கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல.

எட்டு மாதம் அசையாத மாநகராட்சி இரண்டே நாளில் அசைந்தது. மாநகராட்சிச் சொத்தைச் சேதப்படுத்தியதாக நயினார் பேரில் வழக்கு. நோட்டீஸைப் படித்த வக்கீல் எட்வின் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து, “மாட்டிக்கிட்டானுவ ஆவுடையம்மா, தானா வந்து மாட்டிக்கிட்டானுவ! மாநகராட்சிச் சொத்துன்னு அவனுவளே எழுதியிருக்கானுவ பாருங்க” என்றார்.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார், சிலாப் யாருடையது என்று. எங்களுடையதுதான் என்று மாநகராட்சி வக்கீல் தலைநிமிர்ந்து சொன்னார். அப்படியானால் உங்கள் சிலாப்பில் மாட்டியிருக்கிற மனிதரை விடுங்கள் என்றார் எட்வின். அதற்கு அந்த வக்கீல் கொஞ்சமும் அவசரப்படாமல் ஒரு தடிப் புஸ்தகத்தைத் திறந்து வாசித்தார். மாநகராட்சி நிலத்தில் பிரிக்கமுடியாதபடி பொருந்தியிருப்பது எதுவோ, அதுவும் மாநகராட்சிக்கே சொந்தம். விளக்குக் கம்பம் எப்படியோ, குழாயடி எப்படியோ, அப்படியே. பொருந்தியிருக்கிறார் என்று எதிர்த்தரப்பே சொல்கிறது. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, சொத்தே சொத்தைச் சேதப்படுத்தியது என்று வழக்குப் போட முடியாது, தள்ளுபடி என்றார். சொத்தை ஒழுங்காகப் பராமரிக்கவேண்டும் என்று மாநகராட்சிக்கு ஒரு கண்டிப்பும் செய்தார்.

“ஜெயிச்சிட்டோமா?” என்று ஆவுடை வராந்தாவில் கேட்டாள்.

எட்வின் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், “ஜெயிச்சதென்னவோ ஜெயிச்சிட்டோம்” என்றார்.

மறுநாள் ஒரு ஊழியர் வந்து நயினாரின் இடது தோளில் பச்சைப் பெயிண்டில் நம்பர் எழுதினார். அவருக்கு முன் நம்பர் பக்கத்து விளக்குக் கம்பத்துக்கு, பின் நம்பர் குப்பைத் தொட்டிக்கு. மாநகராட்சிச் சொத்தில் தனியார் வேலை கூடாது என்று பேர்வெட்டு மிஷினை எடுத்துப் போகச் சொன்னார்கள். சோறு ஊட்ட ஆவுடைக்கு அனுமதிச் சீட்டு, மாதாமாதம் புதுப்பிக்கவேண்டும். ஆவுடை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள், ஒரு பயத்தைத் தவிர. இந்த ஊர் தன் சொத்தை எப்படிப் பராமரிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த ரோட்டில்தானே முப்பது வருஷமாக நடக்கிறாள்.

பயந்தபடியே ஆயிற்று. மாசியில் ஒருநாள் முதுகு தேய்க்கும்போது அவர் முழங்கையில் தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசலைப் பார்த்தாள். ரத்தம் இல்லை, சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசிதான் உதிர்ந்தது. எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்தாள். பங்குனியில் விரிசல் தோளுக்கு ஏறியது. பேச்சு குறைந்தது. சித்திரை வெயிலில் ஸ்டூல்கூட வேண்டாமென்று, ஒரு பக்கமாகச் சரிந்து, கையை நடைபாதையில் நீட்டிப்போட்டபடி கண்ணை மூடிக் கிடந்தார். ஒருநாள் சாயந்திரம் நாலரை மணிக்கு, டியூஷன் முடித்து நடந்து வந்த ஜெபமணி டீச்சர் அந்தக் கையில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

டீச்சர் சும்மா விடுகிற ஆள் இல்லை. சரியாகப் பராமரிக்காத சொத்தால் காயம் என்று மாநகராட்சிக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டார். பதில் ஒரே வாரத்தில் வந்தது. அந்த நபர் மாநகராட்சிக்குச் சொந்தமல்ல. அந்த நபர் நிற்கும் சிலாப்பும் எந்தக் காலத்திலும் மாநகராட்சிக்குச் சொந்தமானதல்ல. அந்த நபருக்கு மனைவி இருக்கிறார், பொறுப்பு அவருடையதாக இருக்கலாம். பச்சை நம்பரை ஒருவர் வந்து மண்ணெண்ணெய் தொட்டு அழித்துவிட்டுப் போனார். டீச்சரின் நோட்டீஸ் இப்போது ஆவுடை பேருக்கு வந்தது.

வக்கீல் எட்வின் பதறிப்போனார். “எதுலயும் கையெழுத்துப் போட்டிராதீங்க. நமக்கும் சம்பந்தமில்லன்னு ஒரு பதில் போட்டிருவோம். அத்தனை பேரும் அதத்தான செஞ்சானுவ? நானே எழுதித் தாரேன்.”

அவர் எழுதிக்கொடுத்த பதிலையும் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு ஆவுடை நடைபாதைக்கு வந்தாள். டீச்சர் கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டபடி, பிச்சாண்டி கடை நிழலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஆவுடை நேரே அவரிடம் போனாள்.

“டீச்சர், ரொம்ப வலிக்கா?”

டீச்சருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “வலிக்கத்தாம்மா செய்யுது. போர்டுல எழுதுத கை. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. யாராச்சும் ஒருத்தராவது, ஆமா, எங்க தப்புதான்னு சொல்லவேண்டாமா?”

வேண்டும்தானே என்று ஆவுடைக்குத் தோன்றியது. ஒரு வருஷமாக அவளும் அதைத்தானே மாடி மாடியாக ஏறிக் கேட்டாள்! அவள் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், வக்கீல் கொடுத்த பதிலை மடித்து இடுப்பில் செருகினாள், நோட்டீஸைச் சிலாப்பின் மேலேயே விரித்து வைத்து, பிச்சாண்டியிடம் பேனா கேட்டாள்.

நயினார் கண்ணைத் திறந்தார். பேசிப் பல நாளான குரல் கரகரத்தது. “வேண்டாம்ட்டி. போட்டா பூராவும் உன் தலையில வந்து விழும்.”

“விழட்டும்” என்றாள் ஆவுடை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்தில், அழுத்தி அழுத்தி எழுதினாள்: ‘இவர் என்னுடையவர். இந்தச் சிலாப்பும் என்னுடையது. டீச்சர் விழுந்தது எங்கள் தப்பு.’ எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சிலாப் விட்டுவிட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, வெந்நீர்ப் பானையின் மூடி நகர்கிற சத்தம்தான். சிமெண்ட் இளகி, விலகி, பழையபடி இரண்டாகப் பிளந்து, நடுவில் அந்தப் பழைய பள்ளம் வாயைத் திறந்தது. பிச்சாண்டி அக்குளில் கைகொடுத்துத் தூக்க, டீச்சரும் நல்ல கையால் பிடிக்க, நயினாரைப் பள்ளத்திலிருந்து எடுத்தார்கள். கால்கள் இருந்தன, வெயில் படாத கிழங்குபோல வெளுத்து, கனமே இல்லாமல். ஓரிருவர் நின்று பார்த்தார்கள். மற்றவர்கள் பழக்கத்தில் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோய், கூடத்தில் பாயை விரித்து, தலையணைகூட வேண்டாமென்று அவர் சொல்ல, அப்படியே படுக்கவைத்தாள். முதுகு தரையைத் தொட்டதும் அவர் வாயிலிருந்து “அம்மாடி” என்று ஒரு சத்தம் வந்தது. எலும்பு ஒவ்வொன்றாகச் சொடுக்கி நேரானது அவளுக்கே கேட்டது. நீட்டி, நிமிர்ந்து, இரண்டு கையையும் விரித்து, மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“சுகமா இருக்காங்க?”

“சொல்லி முடியாதுட்டி.”

மறுநாள் விடிந்து ஆறு மணிக்கு அவள் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்து தொட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி இருந்தது, அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வருஷம் ஒரு ஊரே சேர்ந்து நின்று ஒரு மனுஷனுக்குக் கொடுக்கமுடியாமல் போனது, தரையில் ஆறடி இடம்.

காரியம் நடந்த பதினாறாம் நாளுக்குள் பள்ளத்தின் பக்கத்தில் மாநகராட்சி ஒரு தகரப் பலகை நட்டிருந்தது. ‘இப்பள்ளம் மாநகராட்சிக்குச் சொந்தமானதல்ல. பார்த்துச் செல்லவும்.’ பலகை புதிதாக, எழுத்து பளிச்சென்று, நன்றாகவே செய்திருந்தார்கள்.

பதினேழாம் நாள் காலையில் ஆவுடை ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னொருத்தர் விழுவதற்குள் மூடவேண்டாமா? கொத்தனார் வெளியூர்க்காரர், கதை எதுவும் தெரியாதவர். பள்ளத்தின் ஓரத்தில் குத்தவைத்து, கையைவிட்டு அளந்து பார்த்தார்.

“என்ன வேணும்ணே? நிறைய நாளாகுமா?” என்று கேட்டாள் ஆவுடை. பெரிய வேலையாக இருக்கும், பல நாள் ஆகும் என்று அவள் மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தாள்.

“நாளா? என்னக்கா நீங்க! அரை மூட்டை சிமெண்ட்டு, நாலு துண்டு கம்பி, ஆறு சட்டி ஜல்லி. இப்ப ஒரு டீ குடிச்சிட்டு ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரலாம்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாங்க்கா.”

ஆவுடை நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று கேட்டுக் கேட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்க்கும்படி அழுதாள். கொத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல், மணலைக் கொட்டிக் கலவையைக் குழைக்க ஆரம்பித்தார்.